முன்மொழிந்தார், வழிமொழிந்தார்

கடிதம் வந்தபோது ஏதோ வரி பாக்கி என்றுதான் நினைத்தேன். பழுப்பு உறை, கவுண்டி ஆடிட்டர் அலுவலகத்தின் முகவரி. உள்ளே ஒரு வரைபடம், ஒரு பட்டியல். பட்டியலில் எங்கள் பெயர், பெயருக்கு நேரே ஐந்து ஏக்கர் சொச்சம், அதற்கு நேரே ஒரு சதவீதக் கணக்கு. இன்ன எண்ணுள்ள வடிகால் வட்டாரத்தில் பிரதான குழாய் பழுதாகிவிட்டது, செலவைப் பங்கிட நிலங்களை மறுபடி வகைப்படுத்தியிருக்கிறோம், ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் கொடுங்கள், விசாரணை செவ்வாய்க்கிழமை காலை. இவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வடக்குப் பக்கம். எனக்கு விதை நிறுவனம் ஒன்றில் வேலை. சில வருடம் ஊருக்குள் வாடகைக்கு இருந்துவிட்டு, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு பழைய வீட்டையும் அதைச் சுற்றியிருந்த ஐந்து ஏக்கரையும் வாங்கினோம். வாங்கும்போது வில்லங்கம் இருக்கிறதா, எல்லை சரியா, கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா என்று என்னென்னவோ பார்த்தோம். காலுக்கடியில் நூறு வருடத்துக் களிமண் குழாய் ஓடுகிறது, அந்தக் குழாய்க்கென்று தனியாக ஒரு குட்டி அரசாங்கம் இருக்கிறது, அதற்கு நாங்களும் குடிமக்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றியக் குழுக் கூட்டங்களுக்கு அஜெண்டா தயாரிப்பதும் தீர்மானப் புத்தகம் எழுதுவதும் பல வருடம் அவர் வேலை. கேட்டதும் குரலில் ஒரு உற்சாகம்.

"ஆட்சேபம் இல்லாட்டியும் போயி உக்காரும்மா. விசாரணைன்னு போட்டுட்டு ஒருத்தரும் வரலைன்னா, 'ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை'ன்னு எழுதி முடிச்சிடுவாங்க. நானே எத்தனை தடவை எழுதியிருக்கேன்."

போனேன்.

கவுண்டி என்பதை நம் மாவட்டம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அளவைப் பார்த்தால் அது பொருந்தாது. அயோவாவில் 99 கவுண்டிகள். எல்லாவற்றிலும் சிறியது, ஆள் கணக்கில், தென்மேற்கிலுள்ள ஆடம்ஸ் கவுண்டி: 2020 கணக்கெடுப்பில் சுமார் 3,700 பேர். நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய கிராம ஊராட்சிகள் எத்தனையோ உண்டு. ஆனாலும் அந்த 3,700 பேருக்கு ஒரு கோர்ட்ஹவுஸ், ஒரு ஷெரிஃப், ஒரு வழக்கறிஞர், ஒரு பொருளாளர், ஒரு பதிவாளர், ஒரு ஆடிட்டர். ஷெரிஃப் உள்பட எல்லோரும் ஓட்டு வாங்கி வருகிறவர்கள். இவர்களுக்கு நடுவில், கவுண்டியை ஆளும் குழுவான சூப்பர்வைசர் போர்டு. சில கவுண்டிகளில் மூன்று பேர், சிலவற்றில் ஐந்து பேர், நான்கு வருடப் பதவி. கலெக்டர் மாதிரி மேலிருந்து வந்து இறங்குகிற ஆள் கிடையாது. ஆடிட்டர் என்றதும் கணக்குப் பிள்ளை என்று நினைக்க வேண்டாம். தேர்தல் நடத்துவது, போர்டின் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவது, வடிகால் வட்டாரக் கணக்கை வைத்திருப்பது எல்லாம் அவர் தலையில். அப்பா பார்த்த வேலையில் பாதி, அதற்கு மேல் தேர்தல் அதிகாரியின் வேலை.

எங்கள் கவுண்டியில் மூன்று சூப்பர்வைசர்கள். ஒருவர் இன்னமும் விவசாயம் செய்கிறார். அறுவடைக் காலத்தில் தொப்பியில் தூசியோடு வருவார். இன்னொருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மூன்றாமவர் காப்பீட்டு அலுவலகம் நடத்திய அம்மாள். அதிகம் பேச மாட்டார், பேசினால் எண்ணைத்தான் பேசுவார். கூட்ட அறை நம் ஊர்க் கூட்டுறவு வங்கி மேலாளர் அறை அளவு. நீள மேசை, மூலையில் கொடி, ஒரு பிளாஸ்க்கில் காபி. சுவரோரம் பன்னிரண்டு நாற்காலிகள். நான் போன அன்று அவற்றில் ஐந்து பேர், அதுவே பெருங்கூட்டம் என்று பிறகு தெரிந்தது.

ஒன்பது மணிக்குக் கொடி வணக்கம். அஜெண்டாவை ஏற்க ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், மூவரும் ஆம் என்றார்கள். போன வாரக் குறிப்பை ஏற்க முன்மொழிந்தார், வழிமொழிந்தார், ஆம். பில்களுக்கும் அதே. பிறகு தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, போர்டு கூட்டத்தை ஒத்திவைக்க யாராவது முன்மொழியுங்கள் என்றார். அவ்வளவுதானா, எழுந்து போகப் போகிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒத்திவைத்த கையோடு, வடிகால் வட்டாரத்தின் டிரஸ்டிகளாகக் கூடுகிறோம் என்று அறிவித்துவிட்டு அதே மூவர் அதே காபியைக் குடித்தபடி தொடர்ந்தார்கள். ஆடிட்டர் மட்டும் ஒரு புதிய பக்கம் திருப்பினார்.

இந்தத் தொப்பி மாற்றம் எனக்கு அன்று வேடிக்கையாக இருந்தது. அயோவாவின் வட மத்தியப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் பனிப்பாறை உருகிப் போன தட்டையான நிலம். தண்ணீர் ஓட வழியில்லாமல் ஆயிரக்கணக்கான பள்ளங்களில் தேங்கிச் சதுப்பாகக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த குடியேறிகள் அதை வடித்து எடுத்தார்கள். ஒரு அடி நீளச் சுட்ட களிமண் குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புதைத்தால் இடைவெளி வழியே நிலத்து நீர் உள்ளே கசிந்து ஓடும். அவரவர் நிலத்துக் குழாயை அவரவர் போட்டுக்கொள்ளலாம். அதெல்லாம் போய்ச் சேர ஒரு பொதுக் குழாயோ வாய்க்காலோ வேண்டுமே. அதற்குத்தான் வடிகால் வட்டாரம். இதற்காக 1908-ல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். இப்போது இப்படி மூவாயிரத்துக்கும் மேல் வட்டாரங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு கவுண்டி போர்டுதான் டிரஸ்டி.

புதுக்கோட்டையில் வளர்ந்தவளுக்கு இது தலைகீழ் உலகம். மானம் பார்த்த பூமி, மழைத்தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகாமல் நிறுத்தக் கண்மாய் வெட்டிக் கரை போட்டு மடை வைத்தவர்கள் நாங்கள். இங்கே தண்ணீரை எப்படி விரட்டுவது என்றே முழுப் புத்தியும் செலவாகியிருக்கிறது. இருந்தாலும் சண்டை ஒரே சண்டைதான். எந்த நிலத்துக்கு எவ்வளவு பலன், யார் எவ்வளவு கொடுப்பது?

கணக்கு இப்படி. வட்டாரத்திலேயே அதிகப் பலன் பெறும் நிலத்தை நூறு என்று வைத்துக்கொள்வார்கள். மற்ற ஒவ்வொரு நிலமும் அதோடு ஒப்பிட எவ்வளவு பலன் பெறுகிறது என்று பொறியாளர் குறிப்பார். மேட்டு நிலம் குறைவு, பள்ளம் அதிகம். ரயில்பாதைக்கும் பங்கு உண்டு, சாலைக்கும் உண்டு. சாலை கவுண்டியுடையது, ஆகவே மூவரும் டிரஸ்டிகளாக இருந்து கவுண்டிக்கு ஒரு பில் அனுப்பி, வேறொரு செவ்வாயன்று கவுண்டி போர்டாக உட்கார்ந்து அந்தப் பில்லை அனுமதிப்பார்கள். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது.

விசாரணையில் ஒரு பெரியவர் எழுந்தார். என் வயலின் தென்மேற்கு மூலைத் தண்ணீர் இந்தக் குழாய்க்கு வருவதே இல்லை, அது பக்கத்து வட்டாரத்துக்குப் போகிறது, எழுபது வருடமாகப் பார்க்கிறேன் என்றார். பொறியாளர் உயர வரைபடத்தை விரித்தார். விமானத்திலிருந்து லேசரால் அளந்து எடுத்த, அடி அடியாக மேடு பள்ளம் காட்டுகிற படம். படம் ஒன்று சொன்னது, பெரியவர் ஒன்று சொன்னார். பொறியாளர் நேரில் வந்து பார்ப்பது, விசாரணையை மூன்று வாரம் ஒத்திவைப்பது என்று தீர்மானம். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, கேட்க வந்தேன் என்றேன். எங்கள் ஐந்து ஏக்கருக்கு வந்த பங்கு ஒரு குடும்பம் ஒரு நாள் ஓட்டலில் சாப்பிடும் செலவு. அதற்காக அரை நாள் விடுப்புப் போட்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள மறுபடி போனேன். அவர் சொன்னதில் பாதி சரி. அவர் சதவீதம் குறைந்தது. அப்புறம் அதுவே பழக்கமாயிற்று. மாதம் ஒரு செவ்வாய், ஒன்றரை மணி நேரம். அலுவலகத்தில் கேட்டால் பல் டாக்டர் என்பேன். கவுண்டி போர்டு கூட்டம் கேட்கப் போகிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பது மட்டும் காரணமில்லை, கொஞ்சம் கூச்சமும்தான்.

அந்த அறையில் பேசுவதில் பாதிக்கு மேல் சாலை. அயோவாவில் கவுண்டிகளின் பொறுப்பில் சுமார் 90,000 மைல் சாலை இருக்கிறது, பெரும்பகுதி சரளை. 1785-ல் போட்ட நில அளவைச் சட்டப்படி நாட்டையே சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் கட்டம், 640 ஏக்கர். அப்படி 36 கட்டம் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். கட்டத்தின் கோட்டிலேயே சாலை. அதனால் மைலுக்கு ஒரு சாலை, குடியிருக்கிறவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சாலைக்கு விட்ட அகலம் 66 அடி. அது அளவைச் சங்கிலியின் நீளம். நம்மூரிலும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அதே சங்கிலியால்தான் நிலம் அளந்தார்கள், கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும் அதே ஒரு சங்கிலிதான். இங்கே யாருக்கும் கிரிக்கெட் தெரியாது. ஒவ்வொரு சாலைக்கும் குறுக்கே ஒரு பிட்ச் படுத்திருப்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

சரளைச் சாலையைச் சீவிச் சமன் செய்யும் பெரிய வண்டியை இங்கே மெயின்டெய்னர் என்பார்கள். யார் சாலைக்கு மெயின்டெய்னர் எப்போது வந்தது என்பதில்தான் சூப்பர்வைசர்களின் அரசியல் வாழ்வே இருக்கிறது. மார்ச்சில் பனி உருகும்போது சாலை சேறாகும். ஜூலையில் புழுதி, வீட்டு முன்னால் மட்டும் புழுதி அடங்க மருந்து தெளிக்க வேண்டுமானால் காசு நாம் கட்ட வேண்டும், அனுமதி போர்டு தர வேண்டும். ஆள் போகாத சாலைகளை 'பி நிலை' என்று குறைத்துவிடுவார்கள். அப்புறம் அங்கே சரளை கிடையாது, பனி அள்ளுவது கிடையாது, உன் பொறுப்பில் நுழைந்துகொள் என்று ஒரு பலகை மட்டும் நிற்கும். பாலங்கள் இன்னும் மோசம். பழுதான பாலங்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் வரிசையில் இருக்கும் மாநிலம் இது. ஓடைக்கு மேல் நூறு வருடத்துக்கு முன் குதிரை வண்டிக்குக் கட்டிய பாலத்தில் இன்று பல டன் தானிய வண்டி ஏற வேண்டும். ஒரு செவ்வாயன்று ஒரு பாலத்தை மூடிவிடலாமா என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். அந்தப் பக்கம் இருப்பது இரண்டு வீடு. மூடினால் அவர்களுக்கு நான்கு மைல் சுற்று. புதிதாகக் கட்டினால் செலவு அந்த இரண்டு வீட்டின் விலையைவிட அதிகம். இன்ஷூரன்ஸ் அம்மாள் எண்ணைச் சொன்னார். பஸ் ஓட்டியவர், ஆம்புலன்ஸுக்கு நான்கு மைல் எவ்வளவு நேரம் என்று கேட்டார். முடிவெடுக்காமல் தள்ளிவைத்தார்கள். எனக்கு ஏமாற்றமாக இல்லை. தள்ளிவைப்பதுதான் அன்றைக்கு அவர்களிடம் இருந்த நேர்மையான பதில் என்று தோன்றியது.

ஒரு நாள் கூட்டம் முடிந்து வெளியே நின்றபோது ஒரு விஷயம் கவனித்தேன். விவசாயியும் பஸ் ஓட்டியவரும் ஒரே ஊர், ஒரே கோவில், பால்ய சிநேகிதர்கள். ஒருவர் பாலத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். மற்றவர் கையைக் காட்டித் தடுத்தார்: "உள்ளே பேசு." ஆடிட்டரிடம் கேட்டேன், சட்டம் அப்படி என்றார். அயோவாவின் திறந்த கூட்டச் சட்டப்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் ஓரிடத்தில் கூடித் தங்கள் அதிகாரத்துக்குட்பட்ட விஷயத்தை விவாதித்தால் அது கூட்டம். கூட்டமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், குறிப்பு எழுத வேண்டும். மூன்று பேர் போர்டில் இரண்டு பேரே பெரும்பான்மை. ஆகவே அவர்கள் ஒரே காரில் போகலாம், மழை பற்றிப் பேசலாம், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம். மதகு பற்றிப் பேசக் கூடாது. நாற்பது வருட நட்பில் நடுவே இப்படி ஒரு வாய்ப்பூட்டு.

அப்பாவிடம் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். "நம்ம பக்கம் எல்லாத்தையும் டீக்கடையிலேயே பேசி முடிச்சிட்டுத்தானே மன்றத்துக்கே வருவாங்க" என்றார்.

எல்லாமே இப்படிச் சாதுவாகப் போய்விடுவதில்லை. இதே சலிப்பான வடிகால் வேலையில்தான் 2015-ல் ஒரு பூகம்பம் வந்தது. மாநிலத் தலைநகரான டெமாயினின் குடிநீர் நிறுவனம் சாக், பியூனா விஸ்டா, கல்ஹூன் என்ற மூன்று கவுண்டிகளின் சூப்பர்வைசர்கள் மீது, வடிகால் வட்டாரங்களின் டிரஸ்டிகள் என்ற முறையில், கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வயலில் கொட்டும் உரத்தின் நைட்ரேட் மண்ணில் தங்காமல் உங்கள் குழாய் வழியாக, நாங்கள் குடிநீர் எடுக்கும் ராக்கூன் ஆற்றுக்கு வருகிறது, அதை நீக்க நாங்கள் செலவழிக்கிறோம், இதற்கு நீங்கள் அனுமதி வாங்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்பது வாதம். பாலத்துக்கும் புழுதிக்கும் கைதூக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் தேசியச் செய்தியானார்கள். 2017 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், வடிகால் வட்டாரங்களிடம் இழப்பீடு கேட்க முடியாது என்றது. மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். வட்டாரத்துக்கு இருப்பது நீரை வடிக்கும் அதிகாரம் மட்டும், நைட்ரேட்டைத் தடுக்கும் அதிகாரமே அதற்கு இல்லை என்பதுதான் சாரம்.

அதிகாரம் இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை. சட்டப்படி சரியாக இருக்கலாம். 2025 கோடையில் அதே டெமாயின் பகுதியில் நைட்ரேட் ஏறி, அதை நீக்கிச் சுத்திகரித்த தண்ணீர் போதாமல், வீட்டுப் புல்லுக்குத் தண்ணீர் விடாதீர்கள் என்று தடை போட்டபோது, என் ஐந்து ஏக்கரின் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். விதை நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவள் இதற்கு மேல் பேசினால் நன்றாக இருக்காது.

அந்த வழக்கில் இன்னொரு கிளைக் கதை உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். மூன்று கவுண்டிகளின் வழக்குச் செலவை விவசாயத் துறை அமைப்புகள் திரட்டிய ஒரு நிதி கொடுத்தது. யார் யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. பியூனா விஸ்டா கவுண்டியின் ஸ்டார்ம் லேக் என்ற சிற்றூரில் ஒரு குடும்பம் நடத்தும் பத்திரிகை, சுமார் 3,000 பிரதி, விடாமல் கேட்டது: போர்டுக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா? அந்தத் தலையங்கங்களுக்காக அதன் ஆசிரியர் ஆர்ட் கல்லனுக்கு 2017-ல் புலிட்சர் விருது. எங்கள் கவுண்டிக் கூட்டத்துக்கும் வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வருவார், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. சில நாட்களில் பார்வையாளர் வரிசையில் அவரும் நானும் மட்டும்தான்.

பன்றி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அயோவாவில் மனிதர்கள் சுமார் 32 லட்சம், பன்றிகள் இரண்டு கோடிக்கு மேல். பெரிய கொட்டகை கட்ட மாநில அரசின் அனுமதி வேண்டும். கவுண்டிகள் தங்களுக்கென்று விதி போட முயன்றன. 1998-ல் ஹம்போல்ட் கவுண்டியின் விதிகளை மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. பிறகு ஆறுதலாக ஒரு மதிப்பெண் தாள் கொடுத்தார்கள்: 44 கேள்வி, மொத்தம் 880 மதிப்பெண், 440 எடுத்தால் பாஸ். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஓடையிலிருந்து எவ்வளவு தூரம், மரம் நடுவாயா என்பது மாதிரி கேள்விகள். இந்தத் தாளைத் திருத்தி மதிப்பெண் போடும் உரிமை வேண்டுமானால் ஒவ்வொரு வருடமும் ஜனவரி மாதத்துக்குள் போர்டு ஒரு தீர்மானம் போட வேண்டும். மறந்தால் அந்த வருடம் உரிமை போச்சு. போட்டாலும், போர்டு சொல்வது பரிந்துரைதான், முடிவு மாநிலத்துடையது. அனுமதி தேவைப்படும் வரம்பு 2,500 பன்றி என்பதால் அதற்குச் சற்றே குறைவாக வைத்துக் கட்டுகிறவர்கள் ஏராளம். அவர்கள் இந்தத் தாளையே எழுத வேண்டியதில்லை. ஒருமுறை பன்னிரண்டு நாற்காலியும் நிரம்பி, வராந்தாவிலும் ஆள் நின்றது கொட்டகை விஷயத்துக்குத்தான். ஒரு பெண் அழுதார். மூவரும் கேட்டார்கள், தாளைக் கூட்டினார்கள், 440-க்கு மேல் வந்தது, பரிந்துரைத்தார்கள். என்ன செய்ய, எங்கள் கை இவ்வளவுதான் நீளும் என்றார் தலைவர். கை நீளாது என்று தெரிந்த பிறகும் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து முகம் கொடுக்க வேண்டியவர்கள் இவர்கள்தான், கையை வெட்டியவர்கள் தலைநகரில் இருந்தார்கள்.

தேர்தல் முடிந்த அடுத்த வாரம் மூவரும் இன்னொரு தொப்பி போடுவார்கள். ஓட்டு எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் குழு. எண்களை வாசிப்பார்கள், தலையாட்டுவார்கள், பதினைந்து நிமிடத்தில் முடியும். 2020-ல் அயோவாவின் இரண்டாவது தொகுதி நாடாளுமன்றத் தேர்தல் ஆறே ஓட்டில் முடிவானது, கிட்டத்தட்ட நான்கு லட்சம் ஓட்டில். 24 கவுண்டிகளில் இப்படிப்பட்ட அறைகளில் உட்கார்ந்து கூட்டியதில் வந்த ஆறு.

போன ஜூலையில் அப்பா வந்தார். பார்க்க வேண்டிய இடம் என்று சிகாகோவையும் நயாகராவையும் சொன்னேன். முதலில் அந்த ஆபீஸைக் காட்டு என்றார். வெயில் காலத்தில் உள்ளே குளிரூட்டி என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவோடு, ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எட்டரைக்கே வந்து உட்கார்ந்தார். ஆடிட்டர் நீட்டிய தாளில் வருகை தந்தோர் என்று பெயர் எழுதினார். நிதானமாக, இனிஷியலோடு.

அன்றைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. சாலையோரம் கேபிள் புதைக்க ஒரு அனுமதி, பள்ளத்து மதகு ஒன்று மாற்ற, ஜூலை ஒன்றில் புது நிதியாண்டு தொடங்கிவிட்டதால் சில கணக்குத் தலைப்பு மாற்றங்கள், அப்புறம் வடிகால் வாய்க்காலில் அணை கட்டித் தண்ணீரை மறித்த பீவர்களைப் பிடித்தவருக்குக் கூலி. நான் காதருகே மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். பீவர் வந்ததும் நிறுத்தி, என்ன தலைப்பில் எழுதுவார்கள் என்று கேட்டார். வடிகால் வட்டாரப் பராமரிப்பு என்றேன். சரிதான் என்று தலையாட்டினார். தலைவர் வழக்கம்போல, பொதுமக்கள் யாரேனும் பேச விரும்புகிறீர்களா என்று கேட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்து, நிஜமாகவே கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்ததும் ஆடிட்டரிடம், இவர் உங்கள் தொழில்காரர் என்று அறிமுகம் செய்தேன். அந்தம்மாள் விளங்கிக்கொண்டு, இரும்புக் கதவு போட்ட அறையைத் திறந்து பழைய குறிப்புப் புத்தகங்களைக் காட்டினார். தோல் அட்டை, ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்கும் கனம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் சாய்ந்த மைக் கையெழுத்து. ஒரு பக்கத்தில், நிலத்தைக் குடையும் கோஃபர்களைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்குச் சன்மானம் என்று வரிசையாகப் பெயரும் சில்லறைக் காசும். அன்று கோஃபர், இன்று பீவர் என்றேன். அப்பா பெயர்களைப் பார்க்கவில்லை, பக்கத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருந்தது.

திரும்பும்போது காரில் பேச்செடுத்தார். 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் எல்லாம் தனி அலுவலர் கையில் இருந்ததே, அந்தக் காலத்தில்தான் அவருடைய கடைசி வருடங்கள். மன்றம் இல்லை, ஆனால் தீர்மானம் வேண்டும். "மன்றத்தின் பார்வைக்கும் ஒப்புதலுக்கும் வைக்கப்படுகிறதுன்னு நானே எழுதுவேன். அனுமதிக்கப்பட்டதுன்னு நானே அடியில எழுதுவேன். தனி அலுவலர் ஒத்தைக் கையெழுத்துப் போடுவார். முன்மொழிய ஆளில்ல, வழிமொழிய ஆளில்ல. முதல் மாசம் எழுதறப்போ கை கூசுச்சும்மா. அப்புறம் பழகிடுச்சு." இப்போதும் 2025 ஜனவரியிலிருந்து பல மாவட்டங்களில் மறுபடி அதே நிலைதான் என்றார். அப்புறம் சாலையின் அகலம் எவ்வளவு என்று கேட்டார். ஒரு சங்கிலி என்றேன். தெரியும் என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

போர்டு நடவடிக்கைகளையும் கொடுத்த பில்களையும் உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சிட வேண்டும் என்பது இங்கே சட்டம். அடுத்த வாரப் பத்திரிகையில், ட்ராக்டர் விளம்பரத்துக்கும் இரங்கல் செய்திக்கும் நடுவே, பொடி எழுத்தில் வந்தது. வருகை தந்தோர் வரிசையில் அப்பா பெயர், இரண்டு எழுத்துப் பிழையோடு. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். கேபிள், மதகு, தலைப்பு மாற்றம், பீவர். பெயர்ப் பிழையை நான் சுட்டிக் காட்டினேன். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"கூட்டம் முடிஞ்ச நேரம் போட்டிருக்காங்க பாரு" என்றார். "பத்து பன்னிரண்டு. நானும் கடிகாரம் பார்த்தேன். சரியா இருக்கு."

கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, ஓரம் கோணாமல் வெட்டி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டார். ஆகஸ்டில் ஊருக்குப் போனார். பாலத்தை இன்னும் மூடவில்லை, கட்டவும் இல்லை. இந்தச் செவ்வாயும் அஜெண்டாவில் இருக்கிறது.